இரண்டாவது டெர்மினல்

(ஏனாத்தூரில் ஆசிரியர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் கமிட், ரோல்பேக் கட்டளைகளை நடத்தும்போது எனக்கு ஒரு சங்கடம் உண்டு. "கமிட் கொடுத்தால் மாற்றம் நிலைபெறும்" என்று கரும்பலகையில் எழுதிவிடலாம். ஆனால் ஒரு மாணவி, "கமிட் கொடுக்கறதுக்கு முன்னாடியே மார்க் மாறித்தானே சார் தெரியுது?" என்று கேட்டாள். திரையில் அப்படித்தான் தெரிந்தது. ஒரே சன்னலை வைத்துக்கொண்டு அவளுக்குப் பதில் சொல்ல முடியாது. அதே தரவுத்தளத்தை இன்னொருவர் பார்ப்பதுபோல் இரண்டாவது சன்னல் வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் நான் எல்லாவற்றையும் டாக்கரில் ஓட்டி வந்தேன். அதில் இரண்டாவது சன்னல் திறக்கத் தெரியாமல் முன்பே ஒருமுறை சூடுபட்டிருந்தேன்.

கணினிப் பாடம் எடுக்காதவர்களும் இங்கே இருப்பதால் டாக்கர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மென்பொருளை, அதற்குத் தேவையான கோப்புகளோடு ஒரே கட்டாக இறக்கி, கணினியின் மற்ற மென்பொருள்களோடு கலக்காமல் தனியே ஓடவிடும் ஏற்பாடு அது. 2013-இல் வெளிவந்தது. அந்தக் கட்டுக்கு இமேஜ் என்று பெயர். ஓடும்போது அது கன்டெய்னர். ஒரே இமேஜிலிருந்து எத்தனை கன்டெய்னர்களையும் ஓட்டலாம். ஒன்றுக்குள் எழுதிய கோப்பு மற்றொன்றில் இருக்காது.

அன்று பைத்தான் பயிற்சிக்காக ஓர் உபுண்டு கன்டெய்னர் ஓடிக்கொண்டிருந்தது. மாணவர்கள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து நிரல் எழுதியிருந்தார்கள். நான் இரண்டாவது டெர்மினலைத் திறந்து, பழைய டாக்கர் ரன் கட்டளையையே மீண்டும் கொடுத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு கோப்பும் இல்லை. ரன் என்றால் புதிய கன்டெய்னர். காஞ்சிபுரத்தில் இதைச் சொல்வது எளிது. கோர்வைச் சேலை நெய்யும்போது பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை எறிவார். அவருக்காக யாரும் தனித் தறி பூட்டுவதில்லை. நான் பூட்டினேன்.

அடுத்து டாக்கர் அட்டாச் கொடுத்தேன். இந்த முறை கோப்புகள் தெரிந்தன. ஆனால் நான் ஒரு சன்னலில் தட்டிய எழுத்துகள் மற்றதிலும் விழுந்தன, பிள்ளைகள் சிரித்தார்கள். சரி, வெளியே வருவோம் என்று எக்ஸிட் தட்டினேன். இரண்டு சன்னல்களும் ஒன்றாக நின்றன. நின்றதும் தானாக அழியும்படி கன்டெய்னரைத் தொடங்கியிருந்ததால், மாணவர்களின் நிரல்களும் போயின. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

காரணம் இதுதான். கன்டெய்னருக்குள் முதலில் தொடங்கும் செயல்முறையின் எண் 1. அது முடிந்தால் கன்டெய்னரே நின்றுவிடும். அட்டாச் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. அந்த முதல் செயல்முறையோடு நம்மை ஒட்டிவைக்கிறது. அங்கே எக்ஸிட் தட்டினால் முடிவது அதுதான். தெரியாமல் ஒட்டிக்கொண்டால், கன்ட்ரோலை அழுத்தியபடி பி, பிறகு கியூ அழுத்தி விலகிவிடலாம்.

நமக்கு வேண்டியது டாக்கர் எக்ஸெக். 2014 அக்டோபரில் வெளியான 1.3 பதிப்பில் இது சேர்ந்தது. டாக்கர் எக்ஸெக் என்று எழுதி, ஒரு சிறு கோட்டுடன் ஐ, டி என்ற எழுத்துகளைச் சேர்த்து, கன்டெய்னரின் பெயர், கடைசியாக பாஷ். ஐ இல்லாவிட்டால் நாம் தட்டுவது உள்ளே போகாது. டி இல்லாவிட்டால் வழக்கமான டெர்மினல் போல நடந்துகொள்ளாது. பெயர் மறந்திருந்தால் டாக்கர் பிஎஸ் காட்டும். சிறிய இமேஜ்கள் சிலவற்றில் பாஷ் இருக்காது. எஸ்ஹெச் என்று கொடுங்கள். இப்படித் திறந்த சன்னலில் எக்ஸிட் தட்டினால் அது மட்டுமே மூடும். கோப்புகள் எல்லாச் சன்னல்களுக்கும் பொது. ஆனால் ஒரு சன்னலில் எக்ஸ்போர்ட் செய்த மாறி மற்றதில் தெரியாது. மாணவர்கள் இதில் கட்டாயம் குழம்புவார்கள்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். மைஎஸ்கியூஎல் கன்டெய்னர் ஓடுகிறது. இரண்டு டெர்மினல்களிலும் எக்ஸெக் கொடுத்து, பாஷ் என்ற இடத்தில் மைஎஸ்கியூஎல் கட்டளையைக் கொடுத்து நுழைந்தோம். முதல் சன்னலில் ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன் கொடுத்து, 45 என்ற மதிப்பெண்ணை 54 ஆக்கினோம். அங்கே செலக்ட் கொடுத்தால் 54. இரண்டாவது சன்னலில் 45. அவளையே கமிட் தட்டச் சொன்னேன். இரண்டாவது சன்னலில் மீண்டும் செலக்ட் கொடுத்தாள்: 54.

"அப்போ இவ்வளவு நேரம் அது எனக்கு மட்டும்தான் மாறியிருந்ததா சார்?" என்றாள். அடுத்து ரோல்பேக்கை அவர்களே செய்து பார்த்தார்கள்.

உங்கள் முன்னுள்ள கணினிகளில் மைஎஸ்கியூஎல் கன்டெய்னர் தயாராக ஓடுகிறது. இருவர் இருவராக உட்காருங்கள். ஆளுக்கொரு டெர்மினல் திறங்கள். ரன் வேண்டாம், அட்டாச் வேண்டாம்.