நிரலுக்கும் தமிழ் வேண்டுமோ?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியர்கள் சார்பாக நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஞாயிறு வகுப்பில் எழுத்தும் வாசிப்பும் கற்பித்து வந்த நாங்கள், சென்ற ஆண்டில் 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியையும் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினோம். அன்று முதல் பெற்றோர் எங்களை வாயிலிலேயே நிறுத்திக் கேட்கும் கேள்விகள் பல. "இதனை வேறு யார் பயில்கிறார்கள்? எலெக்ட்ரானிக் சிட்டியில் எந்த நிறுவனம் இதைக் கேட்கிறது? பள்ளியில் கன்னடம், ஆங்கிலம், இந்தி என்று மூன்று சுமை இருக்க, நான்காவதாக இஃது எதற்கு?" பொம்மசந்திரத்திலும் ஜிகணியிலும் இரவுப் பணி முடித்து வந்து, பிள்ளையின் எதிர்காலம் ஒன்றையே எண்ணியிருப்போர் கேட்கும் கேள்விகள் இவை. மழுப்பாமல் விடை சொல்லுதல் எங்கள் கடமை.

கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் கோவையே நிரல். அதனை எழுதுதற்கு அமைந்த மொழி நிரல்மொழி. எழிலை உருவாக்கியவர் முத்தையா அண்ணாமலை என்னும் தமிழர். 2009ஆம் ஆண்டில் அதன் இலக்கணத்தை விளக்கி ஆங்கிலத்தில் கட்டுரை வெளியிட்டார். கணினியில் புதிதாகப் புகும் தமிழருக்கென்றே அமைத்ததாக அதில் கூறியுள்ளார். பைதான் என்னும் புகழ்பெற்ற நிரல்மொழியைக் கொண்டே எழில் கட்டப்பட்டது. இச்செய்தியை நினைவில் வையுங்கள். பின்னர் இதற்கு வருவோம்.

வகுப்பில் நிகழ்ந்ததைச் சொல்கிறோம். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பள்ளியில் கற்ற ஆங்கில நிரல் ஒன்றைப் பிழையின்றி ஒப்பித்தாள். அதில் வந்த 'வொயில்' என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்டோம். "சக்கரம்" என்றாள்! கட்டளைகள் சுற்றிச் சுற்றி வருவதால், அது 'வீல்' என்பதன் வேறு எழுத்து வடிவம் என்று தானே முடிவு செய்திருக்கிறாள். அறிவுள்ள பிழைதான். ஆயினும், 'ஒரு நிபந்தனை உண்மையாய் இருக்கும் வரை செய்' என்னும் கருத்து அவளுக்கு எட்டவில்லை. இரண்டாண்டு படித்தும் எட்டவில்லை.

எழிலில் நிபந்தனை முன்னே நிற்கும். சொல் பின்னே வரும். இதோ ஒரு சிறு நிரல்:

@(மதிப்பெண் >= 35) ஆனால்
   பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
   பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

ஆங்கிலத்தில் 'இஃப்' என்பது தலையில் நிற்கும். நாமோ 'மழை பெய்தால்' என்று இறுதியில் நிபந்தனையை ஏற்றுகிறோம். எழில் நம் வாய்மொழியின் வழியே செல்கிறது. "ஆனால் என்றால் 'பட்' அல்லவா?" என்று ஒரு சிறுவன் மடக்கினான். நாங்கள் வாய் திறக்குமுன், அடுத்த வீட்டுக் கன்னடச் சிறுவன், "எங்கள் 'ஆதரெ' கூட அப்படித்தான், இரண்டு பொருளும் உண்டு" என்றான். தன் நண்பனோடு வேடிக்கை பார்க்க வந்தவன் அவன்! இரு மொழியின் உறவை அன்று அவன் எங்களுக்குக் கற்பித்தான்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். எழிலில் சுழற்சிக்குரிய சொல் 'வரை'. ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொன்னோம். "எண் பத்து ஆகும் வரை" என்று கருதி, @(எண் == 10) வரை என்று எழுதினாள் அதே மாணவி. நிரல் ஒன்றுமே செய்யாமல் நின்றது. தமிழில் அவள் எண்ணியது தவறன்று. ஆனால் எழில் அங்கே எதிர்பார்ப்பது 'நிபந்தனை உண்மையாய் இருக்கும் வரை' என்பது. தொடக்கத்தில் எண் ஒன்றாதலால் நிபந்தனை பொய்யாகி, சுழற்சி நிகழவே இல்லை. @(எண் <= 10) என்று திருத்தியதும் ஓடியது. அரை மணி நேரம் இதில் சென்றது. எங்களைக் கேட்டால், ஆண்டு முழுவதிலும் பயன்மிக்க அரை மணி அதுவே என்போம். சொல்லின் பொருளைத் துருவி ஆராய அவளால் முடிந்தது, அது தன் சொல்லாக இருந்தமையால்.

"கணினிக்குத் தமிழ் புரியுமா?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். ஐயா, அதற்கு ஆங்கிலமும் புரியாது. 1950களில் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் அம்மையார், கணிதக் குறிகளுக்கு மாற்றாக ஆங்கிலச் சொற்களால் நிரல் எழுதலாம் என்றார். அதே நிரலைப் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களாலும் எழுதிக் காட்டியபோது, அவருடைய மேலாளர்கள் திகைத்துப் போயினராம்: அமெரிக்காவில் செய்த பொறிக்கு அயல்மொழி எவ்வாறு புரியும் என்று! பொறிக்கு எல்லாச் சொற்களும் அடையாளக் குறிகளே. பொருள் காண்பவர் மனிதரே.

இனி வேலைவாய்ப்பு. எழில் கற்றதற்காக எவரும் வேலை தரமாட்டார். இதில் ஐயமே வேண்டா. எனினும் புழக்கம் குறைந்தது என்பதனாலேயே ஒரு மொழியைத் தள்ளுவதற்கில்லை. ஜப்பானில் 1995இல் வெளிவந்த ரூபி என்னும் நிரல்மொழிக்கு முதற்கண் ஜப்பானிய மொழியில்தான் விளக்கங்கள் மிகுதி. 2000ஆம் ஆண்டில் ஆங்கில நூல் வந்தது. 2004இல் அம்மொழியில் அமைந்த 'ரெயில்ஸ்' வெளியான பின் உலகெங்கும் பரவியது. எழிலும் அவ்வாறு பரவும் என்று நாங்கள் உறுதி கூறவில்லை. மாறுதலின்றி உடன் வருவது எதுவோ அதனை எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். நிபந்தனை, சுழற்சி, பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல் என்னும் மூன்றும் எம்மொழிக்குச் சென்றாலும் மாறா.

இடர்ப்பட்டால் யாரைக் கேட்பது என்பதே உண்மையில் கடினமான கேள்வி. பைதானில் ஒரு பிழை வந்தால், அதே பிழையைக் கண்டவர் ஆயிரம் பேர் விடை எழுதி வைத்திருப்பர். எழிலில் அந்த வசதி இல்லை. ஆனால் அதன் மூலநிரல் மறைக்கப்படவில்லை. விரும்பியோர் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அது பைதானில் எழுதப்பட்டது என்று முன்னர்ச் சொன்னோமே, அதன் பயன் இங்கே தெரிகிறது. எழிலைத் திறந்து பார்க்கும் பிள்ளை பைதானைக் காண்கிறது. 2008இல் வந்த பைதான் மூன்றாம் பதிப்பு முதல், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் சூட்டலாம். ஆகவே 'மதிப்பெண்' அப்படியே இருக்க, 'ஆனால்' மட்டும் 'இஃப்' என மாறும்.

இவ்வூரில் நமக்கென்று இன்னொரு தடை உண்டு. நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர், எழுதுவதோ கன்னடம். தமிழெழுத்தே அறியாத குழந்தைக்குத் தமிழ் நிரல்மொழி எளிதா? அன்று, முதல் மாதம் பெருந்துன்பமே. 1999இல் வகுக்கப்பட்ட 'தமிழ்நெட் 99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. கரும்பலகையில் ஓராண்டாக உயிரும் மெய்யும் சேராமல் திணறிய சிறுவன் ஒருவன், விசையை அழுத்தி 'க்'கும் 'ஆ'வும் 'கா' ஆவதைக் கண்டதும், "இவ்வளவுதானா!" என்றான். அவன் தந்தையார் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்து சிரிக்கிறார்.

ஆதலின் எங்கள் திட்டம் இது. வரும் ஆண்டில் முதல் மூன்று மாதம் எழில். நான்காம் மாதம் முதல் பைதான். தமிழ் வாசிக்க வராத பிள்ளைகளுக்கு எழில் தொடங்குமுன் எழுத்துப் பயிற்சி தனியே நடைபெறும். கன்னடப் பிள்ளைகள் வர விரும்பினால் தடையில்லை. வகுப்பில் உள்ள கணினி ஒன்றுதான். பதினான்கு பிள்ளைகள் முறை வைத்து அமர்கிறார்கள். வீட்டில் பயனின்றிக் கிடக்கும் பழைய மடிக்கணினி இருந்தால், விசைகள் சில தேய்ந்திருந்தாலும் பழுதில்லை, செயலரிடம் ஒப்படையுங்கள். விழா முடிந்ததும் மேடையின் இடப்புறத்தில் பெயர்ப் பதிவு நடைபெறும்.