குருதி கூறும் சான்று

பனியன் தொழிலால் பெயர்பெற்ற திருப்பூரில், நெருப்பெரிச்சல் பகுதியில் வாழ்வோர்க்குச் சாயத்தைப் பற்றி யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. துணியில் ஏறிய நிறத்தைக் கண்டே வேலையின் நிறைகுறைகளைச் சொல்லிவிடுவார்கள். கால்நடை மருத்துவத்திலும் நிறத்தைக் கொண்டு உண்மையை அறியும் முறை ஒன்று உண்டு. அத்தகைய சோதனை இல்லையேல், வெக்கை நோய் ஒழிந்தது என்று உலகம் துணிந்து கூறியிராது.

வெக்கை நோய் மந்தை மந்தையாக மாடுகளை மாய்த்த கொடிய நோய். இந்தியாவில் அது கடைசியாகத் தோன்றியது, 1995ஆம் ஆண்டில், நம் வட ஆர்க்காட்டுப் பகுதியில். அங்ஙனமாயின் அதன் பின் உடனே, நோய் ஒழிந்தது என்று கூறலாகாதோ? கூறலாகாது. கண்ணுக்குத் தென்படாதது எல்லாம் இல்லாதது ஆகிவிடாது.

ஆனால், கிருமி புகுந்து சென்ற உடலில் அதன் சுவடு தங்கும். கிருமியை எதிர்க்க உடல் ஆக்கிய எதிர்ப்பொருள்கள் குருதியின் தெளிநீராகிய சீரத்தில் நெடுங்காலம் இருக்கும். அவற்றைக் காட்டுவது ‘எலைசா’ என்னும் சோதனை. வெக்கை நோய்க்குக் கையாண்ட முறையில், சீரத்தில் எதிர்ப்பொருள் இருப்பின் நிறம் குன்றும். இல்லையேல் நிறம் நன்கு ஏறும்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. தடுப்பூசியும் அதே எதிர்ப்பொருளை உண்டாக்கும். ஊசியின் சுவடா, நோயின் சுவடா என்று அச்சோதனை பிரித்துரைக்காது. ஆகவே, பல்லாண்டு மந்தைகளைக் காத்த ஊசியையே நிறுத்திவிட்டு, அதன்பின் பிறந்த கன்றுகளின் குருதியை ஆராய வேண்டியதாயிற்று. நோய் எங்கேனும் ஒளிந்திருந்தால், காப்பற்ற மந்தைகள் மடிந்திருக்கும். அத்துணிவு வீண்போகவில்லை. 2006இல் இந்தியாவும், 2011இல் உலகம் முழுவதும் அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன.

வெக்கை நோயின் நெருங்கிய உறவு ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987இல், விழுப்புரத்தை அடுத்த அரசூரில். இரு நோய்களின் குறிகளும் ஒத்திருப்பதால், கண்ணால் மட்டும் வேறுபடுத்துதல் அரிது. இத்தகைய ஐயத்தைத் தீர்ப்பது பி.சி.ஆர். சோதனை. அது கிருமியின் மரபுப்பொருளையே பன்மடங்கு பெருக்கி, இன்ன கிருமி எனக் காட்டும். வந்து சென்ற கிருமியின் அடிச்சுவட்டைச் சீரம் காட்டும். உள்ளே நிற்கும் கிருமியை பி.சி.ஆர். காட்டும்.

நலமாய் நிற்கும் மாட்டின் குருதியைக் கால்நடை மருத்துவர் எடுக்கக் கண்டால், நோயில்லா மாட்டுக்கு இது எதற்கு என்று எண்ணாதீர்கள். ‘உண்டு’ என்பதற்கு மட்டுமன்று, ‘இல்லை’ என்பதற்கும் சான்று வேண்டும்.