வேட்டைக் குடிலில் சீட்டாட்டம்

சீட்டாட்டம் என்றவுடன் நம் இல்லங்களில் முகஞ்சுளிப்போர் உண்டு. குடும்பங்களைக் கெடுத்த சூதினை எண்ணி அவர்கள் அஞ்சுவது இயல்பே. ஆயினும், பணத்தைவிடத் தோழமையையே பெரிதாக எண்ணிச் சீட்டாடும் களங்களும் உலகில் உள. அவற்றுள் ஒன்றைப் பற்றி நேயர்களுக்கு இன்று சொல்ல விழைகிறேன்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வடபால், பேரேரிகள் சூழ்ந்த காட்டு நிலம் ஒன்று இருக்கிறது. மேல் தீபகற்பம் என்பது அதன் பெயர். ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் 30 முடிய அங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாடச் சட்டம் இடந்தருகிறது. உறவினரும் நண்பரும் காட்டின் நடுவே மரக்குடில்களில் கூடித் தங்குவர். பல குடில்களில் விறகடுப்பே குளிருக்குத் துணை. கதிரவன் மறைந்து அரை மணி நேரம் கழிந்தபின் சுடலாகாது என்பது விதி. அப்பருவத்தில் அங்கே இரவு பதினான்கு மணி நேரத்திற்கும் மேல் நீளும். அந்நெடிய இரவை எவ்வாறு கழிப்பது? மேசைமேல் சீட்டுக்கட்டு வந்துவிடுகிறது.

அங்கே பெரிதும் ஆடப்படுவது யூக்கர் என்னும் ஆட்டம். ஒன்பது முதல் ஆஸ் வரை 24 சீட்டுகளே அதற்குப் போதும். நால்வர் அமர்வர், எதிரெதிரே இருப்போர் கூட்டாளிகள். ஆளுக்கு ஐந்து சீட்டு. துருப்பை அறிவித்த கட்சி மூன்று பிடிகளேனும் எடுக்க வேண்டும். தவறினால் எதிர்க்கட்சிக்கு இரண்டு புள்ளி. இதில் ஒரு விந்தையும் உண்டு. துருப்பு இனத்து ஜாக்கியே தலைமைச் சீட்டு; அதே நிறத்து மற்றொரு ஜாக்கி அதற்கு அடுத்தது. ஆஸும் ராஜாவும் அவற்றிற்குக் கீழேதான். அச்சீட்டின் பெயரோ, உழவன் எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லின் திரிபு. உழவுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் நாட்டார்க்கு, அரசனை உழவன் வெல்லும் இவ்வாட்டம் இனிக்காமல் இராது. நம்மவர் ஆடும் இருபத்தெட்டிலும், யாழ்ப்பாணத்தார் விரும்பும் முந்நூற்று நான்கிலும் ஜாக்கியே முதன்மை பெறுவதும் எண்ணத்தக்கது.

குடிலின் ஒழுங்கும் அத்தகையதே. ஊரில் உயர்ந்த பதவி வகிப்பவரும் தம் முறை வரும்போது சீட்டைக் கலைத்துப் போட வேண்டும். பாட்டனுக்குப் பேரன் கூட்டாளியாவான். கண்சாடை காட்டுதல் கூடாது. வாய்திறந்து குறிப்புணர்த்தலும் கூடாது. கூட்டாளி இறக்கிய சீட்டைக் கொண்டே அவன் உள்ளத்தை அறிதல் வேண்டும். மறுநாள் விடியலில் துப்பாக்கி ஏந்திக் காட்டில் பிரிந்து செல்வோர்க்கு இவ்வாறு பிறரைக் கருத்தில் கொள்ளும் பழக்கம் சிறிய பொருளன்று. தோழன் எங்கே நிற்கிறான் என்று அறியாமல் விசையை அழுத்துபவனால் ஓர் உயிரே போய்விடக்கூடும்.

அந்நிலத்தாரில் பலர், செம்பு, இரும்புச் சுரங்கங்களை நாடி வந்த பின்லாந்தியர், கார்ன்வால் நாட்டார், இத்தாலியர் ஆகியோரின் வழியினர். வந்தவர்களின் தாய்மொழிகள் வேறு. ஆனால் சீட்டுக்கு மொழி தடையன்று; விதியை அறிந்தால் அந்நியனும் நான்காம் ஆளாகலாம்.

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வேட்டை நமக்கு வேண்டா. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு நம் நாட்டில் இடமில்லாமற் செய்தன, அது நன்றே. ஆனால் மேசையும் நான்கு நாற்காலிகளும் எவ்வூரிலும் கிடைக்கும். மும்பையின் புறநகர் ரயில்களில், மடிமீது பெட்டியை வைத்துப் பல மொழியினர் ஒன்றாகச் சீட்டாடுவதை நேயர்கள் சிலர் கண்டிருப்பீர்கள்.

ஆகவே, அண்டை வீட்டாரின் மொழி வரவில்லையே என்று தயங்கிக் கதவை அடைத்திருக்க வேண்டா. விடுமுறை நாள் மாலையில் ஒருமுறை அவரை அழையுங்கள். விதிகளை முதலிலேயே தெளிவாக்கிக் கொள்ளுங்கள். பணத்தை மட்டும் மேசைக்கு வரவிடாதீர்கள். பணம் வந்தால் எதிரே இருப்பவர் தோழர் அல்லர், கடன்காரர் ஆகிவிடுவார்.