நீரிழிவும் உடற்காவலும்

(சடையங்குப்பத்தில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்று திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்தார். முதல் வகையினர்க்கு நம்மிடையே குறைவில்லை. மருத்துவமும் தொலைவில் இல்லை. 1948-ஆம் ஆண்டிலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பகுதியைத் தொடங்கினார். 1954-இல் அவர் நிறுவிய மருத்துவமனை இராயபுரத்தில் நடைபெறுகின்றது. நான்காவதாகிய பேணுதல் நம் இல்லங்களில் எவ்வாறுள்ளது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

நீரிழிவு சர்க்கரையை மட்டும் கூட்டும் நோயன்று; உடற்காவலையும் குலைப்பது. குருதியிலுள்ள வெள்ளணுக்கள் உடலாகிய ஊரின் காவலர். கிருமி புகுந்த இடத்திற்கு விரைந்து சென்று அதனை விழுங்கி அழித்தல் அவற்றின் தொழில். சர்க்கரை நெடுநாள் மிகுந்து நிற்பின் அவை சோர்வுறும். அவை செல்லும் சிறு நாளங்களும் பழுதுறும். நரம்பு மரத்துப்போதலால் காலில் முள் தைத்ததும் தெரியாது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது, நம் ஊரில் வெள்ளம் புகுந்ததை மறந்திலோம். அந்நீரில் வெறுங்காலுடன் நடக்கும் நீரிழிவாளர்க்குச் சிறு கீறலும் காலையே வாங்கும் புண்ணாகக்கூடும்.

வாயிலில் சோர்ந்த இக்காவலரே வீட்டினுள் கலகமும் விளைப்பர். நாளங்களின் சுவரில் கொழுப்புப் படியுங்கால், வெள்ளணுக்களுள் ஒரு சாரார் அங்குப் புகுந்து, அதனை உண்டு பருத்து, அழற்சியை வளர்ப்பர். அப்படிவு வெடித்துக் குருதி உறைந்து வழியடைப்பின் மாரடைப்பு நேர்கின்றது. நீரிழிவும் இதய நோயும் உடன்பிறப்புப்போல் ஒருங்கு வருதற்கு இதுவும் ஒரு காரணம்.

காசநோயும் இவ்வழியே நுழையும். நீரிழிவாளரைக் காசம் பற்றும் வாய்ப்பு ஏனையோரினும் இரண்டு மூன்று மடங்கு மிகுதி. தமிழ்நாட்டுக் காசநோயாளரை ஆராய்ந்து இராயபுரத்து அறிஞர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 25 பேருக்கு நீரிழிவு காணப்பட்டது. ஆயினும், பெண்ணின் திருமணப் பேச்சு முறிந்துவிடுமென்று அஞ்சி, வீட்டிலுள்ளார் இருமலை மறைக்கும் வழக்கம் நம்மவரிடையே ஒழிந்தபாடில்லை. மறைத்தால் மானம் காக்கப்படுவதில்லை, நோய்தான் காக்கப்படுகின்றது. அது மடியிலிருக்கும் குழந்தைக்கும் பரவும்.

பேணுவோர் செய்யத்தக்கவை சிலவே. நாடோறும் இரவில் நோயாளியின் உள்ளங்காலை விளக்கொளியில் பார்த்தல்; செருப்பின்றி நடக்க விடாமை; சோற்றைக் குறைத்துக் கீரையும் பயறும் கூட்டுதல்; புகையிலையை விலக்குதல்; பல்லீற்றைத் தூய்மையாக வைத்தல்; சளிச்சுரம், நுரையீரல் அழற்சி ஆகியவற்றிற்குரிய தடுப்பூசிகளை மருத்துவரைக் கேட்டு இடுவித்தல். இவை மருந்துக்குத் துணை, மாற்று அல்ல. அண்டை வீட்டார் சொன்ன கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவோர் பலர். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வாயிலுக்கே கொணர்ந்தது; அதனை மாடத்தில் வைத்து மறந்தால் பயன் யாது?

அன்பர்களே! நாற்பது வயது கடந்தோர் ஆண்டுக்கொருமுறை சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்க. இரண்டு வாரம் கடந்த இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்விக்க. காசம் கண்டோர் சர்க்கரையையும் பார்க்க. சம்பந்தம் பேசும் பெரியோர்கள், நோயை மறையாது மருந்துண்ணும் குடும்பத்தைக் குறைவாக எண்ணுவதில்லை என்று இச்சபையிலேயே உறுதி கூறுவார்களாயின், நான்காவது கூறும் நிறைவெய்தும்.