அடுப்படிச் சிக்கனம்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், எழுபதுகளில் படித்த மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



வீட்டுச் சிக்கனக் குறிப்புகள் சொல்லும்படி எங்களைக் கேட்டார்கள். சிக்கனம் என்ற சொல்லை நாங்கள் பாடப் புத்தகத்தில்தான் கண்டோம். லயத்துக் காம்பராவில் அதற்குத் தனிப் பெயர் எதுவும் இருக்கவில்லை. அன்றாடம் நடந்தது அதுதான்.

சீருடையிலிருந்து தொடங்குகிறோம். வட்டகொடையில் ஜூன், ஜூலை மழைக்கு வெள்ளைத் துணி காயுமா? இருந்ததோ ஒரே ஒரு சோடி. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவோம். காலையில் வகுப்பு முழுக்கப் புகை மணக்கும். செம்புக்குள் தணல் போட்டு, அதன் அடியால் தேய்ப்போம். முதலில் அடியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அதை மறந்த எங்களில் ஒருத்தி தோளில் கரி வட்டத்துடன் ஒரு நாள் முழுவதும் நோட்டுப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு இருந்தாள். நனைந்த சப்பாத்துக்குள் பழைய பத்திரிகையைக் கசக்கித் திணித்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். படுக்குமுன் ஒரு தடவை தாளை மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. கன்வஸ் சப்பாத்து வெள்ளையாவதற்குக் கரும்பலகையின் கீழே பொறுக்கிய சோக்குத் துண்டு. அந்தச் சோக்குகள் எங்கே போயின என்று தேடிய டீச்சர்மார் இன்று எங்களை மன்னித்துவிட வேண்டும்.

மா வந்த துணிச் சாக்கு தலையணை உறையாகும், உள்பாவாடையாகும். சாம்பல் தண்ணீரில் அவித்தாலும் அதிலுள்ள இங்கிலீஸ் எழுத்து முழுதாகப் போகாது. உள்ளே உடுத்தியதால் மானம் தப்பியது. மழைக்கு அம்மா தலையில் போட்ட கம்பளி, கிழிந்ததும் எங்களுக்குப் போர்வை. அதுவும் நைந்தால் கதவடிக் காற்றுக்கு அடைப்பு. கடைசியில் இஸ்தோப்பில் கால்மிதி.

அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கவ்வாத்து மலையிலிருந்து அம்மாமார் மிலாறு கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். ஈர மிலாறை அடுப்புக்கு மேல் பரணில் அடுக்கிவைத்தால், சமைக்கும் சூட்டிலேயே அடுத்த கிழமைக்கான விறகு காய்ந்துவிடும். பானையை ஏற்றுமுன் வெளிப்புறம் முழுவதும் சாம்பலைக் குழைத்துப் பூசினால், கழுவும்போது கரியும் சேர்ந்து கழன்றுவிடும். 2022 ஏப்ரலில் பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது. தோட்டத்தில் அன்று நாட்சம்பளம் 1,000 ரூபா. கொழும்பில் மாடி வீட்டில் இருக்கும் எங்கள் தோழிகள், "அடுப்பு வைக்க இடமில்லையே" என்று தொலைபேசியில் அழுதார்கள். ஊரில் இருந்தவர்கள் மறுபடியும் மிலாறு பொறுக்கினோம். முதுகுதான் பழைய முதுகாக இல்லை.

தேயிலைச் சக்கையை வீசாதீர்கள். சீனி, பால் போக அலசி ரோசாச் செடியின் அடியில் போடுங்கள். அலசாவிட்டால் எறும்புக்குத்தான் விருந்து. சீனி போடாத ஆறிய சாயத்தால் கண்ணாடி துடைக்கலாம்.

இனிச் சொல்வது, இந்தப் பேச்சை எழுதும்போது எங்களுக்குள் தர்க்கம் எழுந்த விஷயம். 1973, 74 பஞ்சத்தில் மாவும் அரிசியும் சீனியும் கிடைக்கவில்லை. 1974இல் தோட்டங்களில் இறப்பு விகிதம் கூடியது. அந்நாளில் எங்கள் வீடுகளில் ரொட்டியைச் சமமாகப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அம்மா சொல்வார்: "எனக்குப் பசிக்கல, சாயத்தண்ணி போதும்." எல்லா வீட்டு அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் எப்படிப் பசிக்காமல் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. "அதையும் சிக்கனத்தில் சேர்க்க வேண்டும், அதில்தானே வளர்ந்தோம்" என்றார் எங்களில் ஒருவர். மற்றவர்கள் மறுத்தோம். சாக்கிலும் சாம்பலிலும் மிச்சம் பிடித்தது கெட்டித்தனம். அம்மாவின் வயிற்றில் மிச்சம் பிடித்ததை அந்தப் பட்டியலில் சேர்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. பலர் இன்றும் அதையே செய்கிறோம். பேரப்பிள்ளைக்கு முட்டை, நமக்குச் சட்டியில் ஒட்டிய குழம்பு.

தோட்டத்துப் பெண்களை இரத்தசோகை இன்னும் விடவில்லை. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஆகவே சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். பருப்புக்கும் கீரைக்கும் தேசிக்காய்ப் புளி விட்டால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். ஒரு தேசிக்காய் பெரிய செலவல்ல.

இன்னொன்று. மருந்தடிக்கும் கான்களை எத்தனை தரம் கழுவினாலும் குடிதண்ணீருக்கு வைக்கக் கூடாது. மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைச் செய்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். காணும் வீட்டில் சொல்லுங்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

பகல் சாப்பாடு தயாராகிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். பரிமாறுகிற தங்கைமாரும் எங்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறோம். தேநீர் மூன்று மணிக்குத்தான் வரும். யாரும் குசினிப் பக்கம் போய்க் கேட்க வேண்டாம்.