பெயர் மாறினாலும் எண் மாறாது

கப்பல்களைப் படம் பிடிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தோதான ஊர் இஸ்தான்புல். கருங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகும் கப்பல் எதுவானாலும் இந்த ஊரின் ஊடாகச் செல்லும் பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்தாக வேண்டும். அது மிகக் குறுகும் இடத்தில் அகலம் சுமார் 700 மீட்டர்தான். கரையில் நின்றாலே கப்பலின் துரு கூடத் தெரியும்.

எந்தக் கப்பல் வருகிறது என்பதைக் கைப்பேசிச் செயலி முன்கூட்டியே சொல்லிவிடும். அனுபவசாலிகள் கப்பலின் பின்புறத்தைத் தவறவிடவே மாட்டார்கள். பெயரும் பதிவுத் துறைமுகமும் அங்கேதான் இருக்கும். பெரும்பாலும் ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் எனப்படும் 7 இலக்க அடையாள எண்ணும் அங்கேயே இருக்கும். கப்பல் கைமாறலாம், பெயர் மாறலாம், கொடி மாறலாம். உடைக்கப்படும் வரை இந்த எண் மாறாது. சில கப்பல்களில், பற்றவைத்த பழைய பெயரின் எழுத்துகள் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் புடைத்து நிற்கும். வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் படித்துவிடலாம். ஒரு கப்பலின் வாழ்க்கையை இப்படிப் படம் படமாகச் சேர்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர் என்பேன்.

நீங்களும் எடுப்பதானால் பொது இடத்தில் நின்று எடுங்கள். துறைமுகத்துக்குள் எடுக்க அனுமதி வேண்டும். ஒவ்வொரு படத்தோடும் தேதி, இடம், ஐ.எம்.ஓ. எண் மூன்றையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.