வேலை அறிவிப்பில் விடுபட்ட சொல்

(தில்லி சரோஜினி நகரில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



இந்தச் சரோஜினி நகர் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஊழியர்கள் அரசு அறிவிப்பைப் பார்த்து வேலைக்கு வந்தவர்கள். அதில் தகுதியும் வயது வரம்பும் ஊதிய விகிதமும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. அவர்களுடைய பிள்ளைகள் இன்று கைபேசியில் படிக்கும் புத்தொழில் நிறுவனங்களின் அறிவிப்புகளோ பேரார்வம், குடும்பம், சவால் என்று பேசுகின்றன. பலவற்றில் கூலியும் இல்லை, வேலை நேரமும் இல்லை.

2024 நவம்பரில் சொமேட்டோவின் தலைமைச் செயல் அதிகாரி தீபிந்தர் கோயல், தமக்கு உயர்நிலை உதவியாளர் ஒருவர் தேவை என அறிவித்தார். முதலாண்டில் சம்பளம் கிடையாது. வேலைக்கு வருபவரே 20 லட்சம் ரூபாயை ‘ஃபீடிங் இந்தியா’ தொண்டு அமைப்புக்குக் கொடுக்க வேண்டும். உரிமை கோரும் மனப்பான்மை அறவே இல்லாதிருப்பதும் ஒரு தகுதி. விண்ணப்பங்கள் 10,000-ஐத் தாண்டின. பணம் வாங்கும் எண்ணமில்லை, அது ஒரு வடிகட்டியே என்று அவர் பின்னர் விளக்கினார்.

வடிகட்டி வெளியே தள்ளப்பட்டவர் யார்? மாதச் சம்பளத்தை நம்பி வாழ்பவர். கூலி எவ்வளவு என்று கேட்பவர்.

விண்ணப்பித்த இளைஞர்களைப் பழிப்பதில் பயனில்லை. வேலையின்மை விரட்டும்போது சுரண்டலும் வாய்ப்பாகவே தோன்றும். 1923 மே 1 அன்று சென்னையில் சிங்காரவேலர் கொண்டாடிய மே தினத்தின் அடிநாதம் எட்டு மணி நேர வேலை. ஊதியமும் வேலை நேரமும் இல்லாத அறிவிப்பு செல்லாது என்பது இன்றைய இளைஞரின் முதல் கோரிக்கையாகட்டும்!